ராசு தோட்டத்து டவர்

காலை ஒன்பது மணி, ஒரு டவர், பூட்டிய கேட்டுக்கு முன்னால் ராசு. டவர் வேலையில் ஏறுவது சுலபம், உள்ளே நுழைவதுதான் கஷ்டம். மொட்டைமாடிக்கு ஓடி "ஹலோ, கேக்குதா?" என்று கத்திய அனைவரும் இந்த வேலையில் என் பங்காளிகள்.

யார் மாறுவது?

எழுமலைப் பக்கம் ராசுவின் தோட்டத்து மூலையை எங்கள் டவர் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. டவரும் கரண்டும் எங்களுடையது. செல்போன் கம்பெனிகள் வாடகை கொடுத்து ஆன்டெனா மாட்டிக்கொள்ளும். முதலில் வந்த கம்பெனி ஒன்று, ராசுவின் சிம் வேறொன்று. குவைத்தில் இருக்கும் மகளுக்கு ஒன்பதாம் மாதம். மனைவியும் பிரசவம் பார்க்க அங்கே போய்விட்டார். அழைப்பு வந்தால், இந்த மனிதர் டவரடியிலிருந்து, கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் கண்மாய்க்கரைக்கு ஓடுவார்.

"நம்பர் மாறாதுண்ணே, கம்பெனியை மட்டும் மாத்திக்கங்க" என்றேன்.

"எடம் என்னுது. மாறணும்னா அவன் மாறட்டும்."

உள்வாடகை

இரண்டாவது கம்பெனியின் ஆன்டெனாவோடு நானும் டெக்னீஷியன் முருகேசனும் போய் இறங்கிய காலையில்தான் அந்தப் பூட்டு.

"வீட்டை ஒருத்தனுக்கு விட்டா, அவன் இன்னொருத்தனைக் கூட்டியாந்து குடிவைப்பானா? உள்வாடகைக்கா குடுத்தேன்?" என்றார் ராசு.

வந்திருப்பது எந்தக் கம்பெனி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் போன் ஒரு தடவை அடித்து அறுந்தது. மகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவர், பாதியில் திரும்பிக் கத்தினார்:

"சாவி எங்கிட்டதான் இருக்கு. பூட்டுல கை வச்சீக, அம்புட்டுத்தான்!"

உச்சியில் யார்?

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். இந்த வாரத்துக்குள் பிரசவம் என்று டாக்டர் சொன்னாராம். எந்த நாள் என்பதற்குள் லைன் போய்விட்டதாம்.

"அண்ணே, நீங்க வெளிய நிப்பாட்டி வச்சிருக்கிறது உங்க சிம்காரனைத்தான்" என்றார் முருகேசன்.

ராசு ஆன்டெனாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். வேலை முடிய மூன்று நாளாகும் என்றதற்கு, மூன்று நாளும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். டவரின் உச்சி முதலில் வந்தவருடையது, அடுத்தவருக்கு அதற்குக் கீழேதான் இடம் என்று முருகேசன் விளக்கியதுதான் பிடிக்கவில்லை.

"அவனைக் கீழ எறக்குங்க மாப்ள. நம்ம கம்பெனி மேல இருக்கட்டும்."

ஒரே டவரில் ஒட்டிக் குடியிருக்கக் கம்பெனிகள் பழகிவிட்டன. பாகம் பிரிப்பதெல்லாம் இடத்துக்காரர் மனதில்தான். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை ராசுவுக்குப் பேத்தி பிறந்தாள். தோட்டத்துத் தென்னையடியில் உட்கார்ந்தபடியே போனில் முகம் பார்த்தார்.