முன்வாசல் பார்க்கும் திசை

வெயில் படாத ஜன்னலுக்கு நான் மேற்கு வெயிலை மறைக்கும் திரைச்சீலை வாங்கியிருக்கிறேன். அதுவும் அந்த ஜன்னல் கட்டப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே. நல்ல கனத்த துணி, உள்பக்கம் கறுப்பு, ஊசிமுனை வெளிச்சம் உள்ளே வராது. இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது. வேலை எதுவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்து நல்லாயிருக்கு என்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் உம்மாவின் முழங்கால்.

எத்தாளையில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் இருக்கிறது. நான்கு படி இறங்க வேண்டும். போன வருடம் மூன்றாவது படியில் உம்மா வழுக்கி விழுந்தார். சத்திரசிகிச்சை முடிந்ததும் டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார்: குந்தக் கூடாது, படி இறங்கக் கூடாது. எங்கள் கக்கூஸுக்கு இந்த இரண்டையும் செய்யாமல் போய்வர முடியாது. ஆகவே உம்மாவைக் கனமூலையில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, பின்பக்கம் ஓர் அறையும் அதோடு ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூமும் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

"மழைக்கு முந்தி முடியுமா மகன்?"

"ஓம் உம்மா, மழைக்கு முந்தி."

மகள் வீட்டில் விருந்தாளியாக இருப்பது உம்மாவுக்குப் பிடிக்காது. தங்கச்சி சொன்னாள், உம்மா துணிப்பையைக்கூட அவிழ்க்கவில்லையாம். தேவையான உடுப்பை எடுப்பது, மீண்டும் பையின் வாயைக் கட்டி வைப்பது, அப்படியே இருந்தாராம்.

வாசிக்கிறவர்களுக்கு வரும் வியாதி ஒன்று உண்டு. ஒரு விஷயத்தைப் பற்றி நாலு புத்தகம் படித்ததும் அது செய்யத் தெரிந்துவிட்டது போலத் தோன்றும். கட்டடக்கலை பற்றி நான் படித்தது ஆறு புத்தகம். பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் வேறு, பிழைவிடுவேன் என்ற எண்ணமே வரவில்லை. சாதாரணமாக மேசன் பாஸைக் கூட்டிவந்து, நிலத்தில் குச்சியால் கோடு போட்டு, இங்கே சுவர், இங்கே கதவு என்று காட்டினால் எங்கள் ஊரில் வேலை தொடங்கிவிடும். எனக்கு அது போதவில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு படவரைஞரைப் போன் வழியாகப் பிடித்தேன். அவரை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒரு குரலும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாலத்தின் படமும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அந்த மனிதர். கட்டி முடித்த வீட்டுக்குள் நடப்பது போலப் போனிலேயே நடந்து பார்க்கும்படி படம் செய்து தருவார்.

அவர் ஒரு படிவம் அனுப்பினார். நீளம், அகலம், உயரம். கடைசியில் ஒரு கேள்வி: வீட்டின் முன்வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது?

இதைப் போனைக் கேட்காமல் எழுதினால் நவீனமான மனிதன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? திசைகாட்டி உள்ள செயலி ஒன்றை இறக்கினேன். போனை மட்டமான இடத்தில் வைக்கவும் என்றது. மதில் கேற்றுக்குப் பக்கத்தில் அன்று காலைதான் கொங்கிரீட்டுக்கான கம்பிக்கட்டு வந்து இறங்கியிருந்தது. அதன்மேல் வைத்தேன். ஊசி இரண்டு சுற்றுச் சுற்றி, யோசித்து, முன்வாசல் வடக்கு என்றது. வடக்கு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை அதே முன்வாசலைக் கொஞ்சம் வலப்பக்கமாகப் பார்த்து நின்று மஃரிப் தொழுதேன். முப்பது வருடமாக அப்படித்தான் தொழுகிறேன். தொழுகிற திசையான கிப்லா எங்கள் ஊருக்கு மேற்கில். வாசலுக்கு நேரே தென்னைகளுக்கு அப்பால் கடல், பொழுது அந்தக் கடலில்தான் விழும். தொழுகையில் வேறு நினைப்பு வரக்கூடாது என்பார்கள். அன்றைக்கு ஒரு நினைப்பு வந்திருந்தால் நிறைய வேலை மிச்சப்பட்டிருக்கும்.

படவரைஞருக்கு நான் ஒன்றை மட்டும் கண்டிப்பாக எழுதியிருந்தேன். கொமோட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மேற்கைப் பார்க்கவும் கூடாது, மேற்குக்கு முதுகு காட்டவும் கூடாது. தொழுகிற திசைக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை அது, எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஒழுங்கான மனிதர். நான் சொன்ன வடக்கை வடக்காக நம்பி, கொமோட்டை வடக்குப் பார்க்க, அதாவது முன்வாசல் பக்கம் பார்க்க வைத்தார்.

படம் வந்தது. மூன்று கிழமை நான் அந்த வீட்டிலேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம். பஸ்ஸில், ஆசிரியர் அறையில், கல்யாண வீட்டில், எங்கே இருந்தாலும் விரலால் தள்ளித் தள்ளி உம்மாவின் அறைக்குள் நடந்தேன். கதவைத் தொட்டால் திறந்தது, உள்ளே போனதும் தானாக மூடிக்கொண்டது. வெயில்கூட அசைந்தது. மாலை நாலு மணி என்று வைத்தால் இடப்பக்க ஜன்னலால் மஞ்சள் வெயில் உம்மாவின் கட்டிலில் விழுந்தது. முழங்கால் நோவோடு படுத்திருக்கிற மனிசி முகத்தில் வெயில் அடிக்கலாமா? அடுத்த நாளே திரைச்சீலை வாங்கினேன்.

"சுவர் வரட்டுமே" என்றாள் மனைவி. அவளுக்குத் தொலைநோக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தோடு சாமான் பட்டியலும் தானாகவே வந்தது. எத்தனை கல், எத்தனை டைல், எத்தனை கதவுப் பிணைச்சல் என்று எல்லாம் இருந்தது. பட்டியலில் உள்ளதை வாங்குங்கள், இல்லாததை வாங்க வேண்டாம் என்று பாஸுக்கு நானே கட்டளை போட்டேன்.

பாஸ் உடப்புப் பக்கத்து ஆள், இந்து. பழமைவாதி என்று அவரைக் குறை சொல்ல முடியாது. பச்சைக் கோடு அடிக்கிற லேசர் கருவி வைத்திருந்தார். சுவரில் அந்தக் கோட்டை விழுத்திவிட்டு, இனி நூல் பிடித்து மட்டம் பார்க்கிறவனோடு பேசமாட்டேன் என்பது போல நிற்பார். அதனால் எங்கள் பிழை மயிரிழை பிசகாமல், நேராக, மட்டமாக எழும்பியது. கையெல்லாம் சீமெந்தாக இருப்பதால் அவர் எதையும் எழுத மாட்டார், குரல் செய்திதான். நான், பாஸ், படவரைஞர் மூன்று பேருக்கும் போனில் ஒரு குரூப் இருந்தது. தினமும் ஐந்தாறு குரல் செய்தி வரும். பின்னணியில் கொங்கிரீட் மெசின் ஓடும்.

அதில் ஒன்று மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஆசிரியர் கூட்டத்தில் இருந்தேன். மேசைக்குக் கீழே போனைக் காதில் வைத்து முதல் அரை நிமிடம் கேட்டேன். மணலில் சிப்பி அதிகம், சலிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சலிக்கட்டும். கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினேன்.

ஐப்பசி பிறக்க ஒரு கிழமை இருக்க, எல்லாம் முடிந்தது என்று கனமூலைக்குச் சொல்லியனுப்பினேன். உம்மா துணிப்பையோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். பின்நேரத் தொழுகையான அசர் தொழுது கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பாஸும் நின்றார். உம்மா அறையைப் பார்த்தார், டைலைக் காலால் தடவிப் பார்த்தார். பாத்ரூம் வாசலில், பிடித்து எழும்பப் போட்டிருந்த கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு கொமோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொழுது எந்தப் பக்கம் மகன் படுது?"

திரைச்சீலை போட்ட ஜன்னலைக் காட்டினேன். "அங்கால."

"அங்காலயா?"

உம்மா திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த முன்வாசலால் வந்த வெயில் முன்னறையைத் தாண்டி, புது அறையைத் தாண்டி, அவருடைய காலடி வரைக்கும் வந்து கிடந்தது.

"அப்ப இது எங்க பாத்து இரிக்கி?"

பாஸ் தலை குனிந்து பச்சைக் கோட்டுக் கருவியைத் துடைத்தார்.

"கொஞ்சம் சரிஞ்சாப்போல இருந்தா, உம்மா?" என்று கேட்டேன்.

"கதிரையில சரிஞ்சி இருக்கலாம். இதில ஒருக்கா நீ இருந்து பாத்துச் சொல்லு."

எல்லோரும் முன்னறைக்குப் போனபின் இருந்து பார்த்தேன். சொல்லவில்லை.

போனை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன், பாஸும் பின்னால் வந்தார். கம்பிக்கட்டு அப்போது அங்கே இல்லை. முன்வாசல் மேற்கு என்றது போன், ஒரு வெட்கமும் இல்லாமல்.

"முதல்ல எங்க வச்சுப் பாத்தீங்க சேர்?" என்று கேட்டார் பாஸ்.

"கம்பிக்கட்டுக்கு மேல."

"இரும்புக்கு மேலயா?" அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே பாஸ். எத்தனை வருஷமா எங்க ஆக்கள்ட வீடு கட்டுறீங்க."

அவர் தன் போனில் தேடி எடுத்து நீட்டினார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. மணல், சிப்பி, சலிப்பது. அப்புறம் மூன்றாவது நிமிடத்தில்: "இன்னொண்டு சேர், படத்தில கொமோட் முன்வாசல் பக்கம் பாத்து வருது. உங்க ஆக்களுக்கு அது சரிவராதே. பைப்ப நிலத்தில தாக்க முதல் ஒரு சொல் சொல்லுங்க." அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

"அது கேட்டேன் என்கிறதுக்குப் போட்டது, பாஸ்."

"எங்களுக்கு விரல் வந்தா வேல செய்யச் சொன்ன மாதிரி, சேர்."

படவரைஞருக்குப் போன் எடுத்தேன். "நீங்க தந்த திசைக்கு அது சரியாத்தானே இருக்கு" என்றார். உண்மை. "பிரச்சினை இல்ல சேர், இப்ப மாத்தித் தாறேன்." பத்து நிமிடத்தில் புதுப் படம் வந்தது. கொமோட் தெற்குப் பார்த்து இருந்தது. டைலில் ஒரு கீறல்கூட இல்லை. திரைச்சீலை ஜன்னலிலும் இப்போது வெயில் இல்லை, அதையும் திருத்திவிட்டிருந்தார். பாஸிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பைப் கொங்கிரீட்டுக்குள் இருந்தது.

"இது விரலால திருப்ப ஏலாது சேர். உடைக்கோணும்."

உம்மா கனமூலைக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டார். "பைய உள்ளுக்கு வை" என்றார். பழைய கக்கூஸில், நடுவில் ஓட்டை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்தோம். குந்தாமல் இருக்க வழி கிடைத்தது, படி இறங்காமல் இருக்க வழி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மழை தொடங்கியது.

ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஆறு தரம். உம்மாவின் ஒரு கை என் தோளில், மறுகை சுவரில். நான் குடையைப் பிடிப்பேன். மூன்றாவது படி வந்ததும் நின்று, மூச்செடுத்து, "பிடிச்சிக்க" என்பார். வெளியே வரும்வரை மழையில் குடையோடு நிற்பேன். நிற்கிற நேரத்தில் டைல் கடையின் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து பார்ப்பேன். பாஸ் கொமோட்டைக் கழற்றி உடைத்த இடத்துக்கு எட்டு டைல் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தில் கையிருப்பு உண்டு என்றிருந்தது. ஓர்டர் போட்டேன். ஐந்தாம் நாள் வந்த டைல் சாம்பல் நிறம், நம்முடையது வெள்ளை. திருப்பி அனுப்பினேன். மன்னிக்கவும், கையிருப்பு இல்லை என்று செய்தி வந்தது. இணையப் பக்கத்தில் அப்போதும் உண்டு என்றே இருந்தது.

அன்று மத்தியானம் மூன்றாவது படியில் உம்மாவின் கால் வழுக்கியது. குடையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் விழவில்லை. குடை மதிலுக்கு அப்பால் போனது. இருவரும் நனைந்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

உம்மாவை உள்ளே கொண்டுவந்து இருத்திவிட்டு டைல் கடைக்குப் போன் எடுத்துக் கத்தினேன். வாழ்நாளில் இதுவரை கடைக்காரர் யாரையும் நான் அப்படி ஏசியதில்லை. சிங்களத்தில் ஏசி, போதாமல் தமிழிலும் ஏசினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் மறுபக்கம் பேசியது கேட்டது. தமிழுக்கு இரண்டை அழுத்தவும் என்றது.

கடைசியில் பாஸ்தான் வேறொரு வீட்டில் மிஞ்சிய எட்டு டைலைச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். கபில நிறம். வெள்ளைத் தரையில் நடுவே ஒரு கபிலச் சதுரம். அதை அழகில்லை என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. இரண்டு நாளில் பைப்பைத் திருப்பி, கொமோட்டைத் தெற்குப் பார்க்க வைத்தார். அதன் படத்தை குரூப்பில் போட்டார். படவரைஞர் கட்டைவிரல் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பின்நேரம் உம்மா முதன்முதலாக உள்ளே போனார். வெளியே கடல்காற்றும் மழையும். நான் கட்டிலில் இருந்து, வேலையற்ற திரைச்சீலையைப் பார்த்தபடி, இத்தனைக்குப் பிறகாவது உம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். காற்றில் பாத்ரூம் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளிருந்து ஒரு கை அதைத் தள்ளி மூடியது. மறுபடி திறந்தது.

"மகன், இதுக்குக் கொண்டி எங்க?"

போனில் பட்டியலைத் திறந்தேன். பிணைச்சல் இருந்தது, கைபிடி இருந்தது. கொண்டி இல்லை.

"நாளைக்குப் போடலாம் உம்மா."

காற்று கதவை மறுபடி தள்ளியது.

"சரி, வந்து கதவப் பிடிச்சிட்டு நில்லு. இன்டைக்குக் குட தேவல்ல."