அரசி இல்லாத நாவல்

நாவலை எழுதியது பெரிய பாடு அல்ல. அதற்குப் பெயர் வைக்கிறேன் என்று ஆளாளுக்கு வந்ததுதான் பாடு.

என் கதை ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பு முகத்துவாரத்தில் நடக்கிறது. களனி ஆற்றில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் ஒருத்திக்கும், கோட்டையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஒருவனுக்கும் காதல். அரசி இல்லை, அரண்மனை இல்லை. ஆகவே ‘தோணிக்காரி’ என்று பெயர் வைத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கொட்டாஞ்சேனை அச்சகக்காரருக்கு இருந்தது. அட்டையில் ஒரு பெண்ணுக்குக் கிரீடம் வைத்துக் காட்டினார்.

“சரித்திரக் காதல் கதைன்னா ஒரு ராணி இருக்கணும் மிஸ். தோணிக்காரின்னா மீன் யாவாரம்னு நெனச்சிருவாங்க.”

“மீன் தின்னுற ஆக்களும் புத்தகம் வாசிப்பினம். கிரீடத்தை எடுங்கோ.”

எடுத்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெள்ளவத்தையில் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழைத்ததாகவே எடுக்கமாட்டார்கள். அதை அடிப்பிப்பதையும் கொடுப்பதையும் என் கணவர் ஏற்றுக்கொண்டார். நான் வீட்டில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்க, அவர் தெஹிவளை வரை வீடு வீடாக ஏறி இறங்கினார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். பிறகு மேல்மாடிப் பெண் லிப்டில் கேட்டாள்:

“அக்கா, கடலரசி எந்த ஊர் அரசி?”

அழைப்பிதழை வாங்கிப் பார்த்தேன். ‘கடலரசியின் காதல்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது.

“ஆக்கள் வரவேணுமெல்லே,” என்றார் கணவர். “உம்மட தோணிக்காரியைப் பாக்க ஆர் வருவினம்?”

“வராட்டி வீட்ட இருக்கட்டும்.”

“எல்லாருக்கும் குடுத்து முடிஞ்சுது. இனி அட்டையில மாத்துறதுதான் லேசு. பிரஸ்காரரும் உம்மட பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

மாதக்கணக்காக நான் எழுதிய ஒருத்தியின் மேல் இல்லாத அரசியைத் தூக்கி வைக்க என்னால் முடியாது. பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அச்சகக்காரர் இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்திருந்தார்.

“எது மிஸ்?”

“உள்ளுக்கு ஆர் இருக்கிறாளோ, அவளின்ர பேர்.”

விழாவில் மண்டபம் நிறைந்தது. முதற்பிரதி வாங்க வந்த புடவைக்கடை முதலாளி மேடையில் பொதியைப் பிரித்தார். அட்டையைப் பார்த்தார், கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சபையில் சலசலப்பு. நான் மைக்கை வாங்கினேன்.

“அழைப்பிதழில இருக்கிற அரசியை நான் எழுதேல்லை. இவள் தோணி ஓட்டுறவள். பிடிக்காத ஆக்கள் வடையைச் சாப்பிட்டிட்டுப் போகலாம்.”

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே புத்தகத்தை உயர்த்திப் படத்துக்கு நின்றார். ஒருவரும் எழுந்து போகவில்லை. வடைக்காகவும் இருக்கலாம், எனக்குக் கவலை இல்லை.

விற்பனை மேசையில் கணவர்தான் இருந்தார். ஒரு அம்மா அழைப்பிதழை நீட்டிக் கடலரசி வேண்டும் என்றார். நான் காதைக் கொடுத்தேன்.

“அவ இல்லையம்மா,” என்றார் அவர், ஒரு ‘தோணிக்காரி’யை எடுத்துக் கொடுத்தபடி. “இவளைக் கொண்டுபோங்கோ. அரசியைவிட நல்லா உழைப்பாள்.”