தக்கைப் பலகைக்கு மாற்றாக

சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்குப் பழைய பேப்பர் லாரி எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தது. அன்று அம்மா அந்த நேரத்தை என்னிடம் அத்தனை முறை கேட்டதால் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு, ஜொகூர் பாருவில் எங்களோடு தங்கியிருந்தார். விரல் உயர ஈய வீரர்களுக்கு வர்ணம் பூசி, மேசைமேல் போர் நடத்துவது மாமாவின் பைத்தியம். ஒவ்வொரு வீரனும் நிற்கும் வட்டத் தட்டில் மண், புல், பாறை எல்லாம் வேண்டும். கடையில் விற்கும் பொட்டலங்களின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே அந்த இலாகா என்னிடம் வந்தது. மோட்டார் பட்டறை கழித்துப்போட்ட வாஷர்கள் தட்டுகளாயின. தேயிலைச் சக்கையைக் காயவைத்துக் காட்டு மண் ஆக்கினேன். பக்கத்து வீட்டு மீன்கள் செத்தபோது, துக்கம் விசாரித்த கையோடு தொட்டி மணலையும் வாங்கி வந்தேன்.

பாறைதான் கிடைக்கவில்லை. தக்கையைப் பிய்த்தால் அசல் பாறை போலவே இருக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். அன்று லாரியின் மேல் ஏதோ அலுவலகம் தூக்கிப்போட்ட தக்கை அறிவிப்புப் பலகை கிடந்தது. லாரிக்காரச் சீனரிடம் கேட்டேன். பழைய பேப்பர் கொண்டு வந்தால் தருவதாக மலாயில் சொன்னார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய பேப்பர்க் கட்டை இரண்டு நடையில் சுமந்து கொடுத்தேன்.

மாமா ஒரு மூலையைப் பிய்த்துப் பார்த்தார். "அலமாக், எங்கடி புடிச்ச இத? இனிமே நீதான் தளபதி."

என் பதவி அம்மா திரும்பி வரும்வரை நீடித்தது.

முக்கியமான தாள்களைப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்தால் எந்தத் திருடனும் தொடமாட்டான் என்பது அம்மாவின் கணக்கு. பாலோ ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இந்நாட்டில் பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. அவர் அங்கேதான் பிறந்தார் என்று எழுதிய கடிதத்தை, மூன்று முறை பஸ் ஏறிப் போய்ப் எஸ்டேட் கணக்கு எழுதிய பழைய கிராணியிடம் வாங்கியிருந்தார். அந்தக் கடிதமும் விண்ணப்பப் பாரமும் இருந்த உறை இப்போது லாரியில். நேர்காணல் திங்கட்கிழமை.

அம்மா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து கேட்டார்: "லாரி எந்தப் பக்கம்டி போச்சு?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லப் பயந்து ஒரு பக்கம் கை காட்டினேன். மாமாவின் மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் பறந்தது.

இப்போது என் மகனுக்கும் அதே பைத்தியம். வேண்டாத சாமான் என்று அவன் எதை வெளியே எடுத்துப் போனாலும், வாசலில் நிறுத்தி ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறேன். "வெறும் பேப்பர்தானம்மா" என்று சலித்துக்கொள்கிறான்.

அன்று மாமா வெறுங்கையோடு திரும்பினார். வேலையிலிருந்து வந்ததும் தேடப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. இருட்டுவதற்குச் சற்று முன் வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. லாரிக்காரரேதான். பலகையைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பேப்பரைப் பிரிக்கும்போது பாரத்தைப் பார்த்தாராம். மற்ற வீடுகளுக்குப் போகாமல் நேராக வந்துவிட்டாராம். அம்மா உறையை மார்போடு சேர்த்துக்கொண்டு, யார் இவ்வளவு நல்லது செய்வார்கள் என்று மலாயில் திக்கித் திக்கிக் கேட்டார். லாரிக்காரர் சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். அம்மா சத்தமாக அழுதார். உறைதான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நானும் சிவப்புதான், அக்கா. பதினோரு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."