சுவரடியில் மயக்கம் யாருக்கு?

படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியதும் நான் செய்த முதல் வேலை யசிந்தாவைப் பேசியதுதான்.

"உமக்கென்ன விசரே? மூச்சு விடுற ரெகுலேட்டரை வாயிலயிருந்து கழட்டித் திருக்கை மீனுக்குக் குடுக்கப் போறீர்! நான் பிடிச்சிருக்காட்டி உம்மைப் பெட்டியிலதான் கொண்டு போயிருக்க வேணும்."

"அண்ணை, நீங்கள்..." என்று தொடங்கினார். நான் விடவில்லை. படகிலிருந்த எல்லோருக்கும் கேட்கத்தான் பேசினேன். வழிகாட்டி மெல்வின் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டாங்கிகளைக் கட்டினான்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருபது வருடங்களுக்கு மேல் ஸ்கூபா பழக்கியவன். குளிர்காலத்தில் நீச்சல் குளத்தில் பாடம், கோடையில் தண்ணீர் நிரம்பிய பழைய கல்லுக்குழியில் சோதனை. பனி கொட்டத் தொடங்கியதும், தேறியவர்களைச் சூடான கடல் உள்ள தீவு ஒன்றுக்குக் கூட்டிப்போவேன். அந்த முறை போனது கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. டோர்செட் பார்க், ரூஜ் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். யசிந்தா அஜக்ஸிலிருந்து வந்தவர், பிறந்தது மன்னாரில். முதியோர் இல்லமொன்றில் வேலை. அவருடைய கணவர் அன்ரன் கடலில் இறங்கமாட்டார். பறவை பார்க்க பைனாகுலரோடு வந்திருந்தார்.

நான் கண்டது

அந்தத் தீவை ஒட்டிய பவளப்பாறை ஓரிடத்தில் நேர்குத்தாக ஆழத்துக்குள் இறங்குகிறது. எங்கள் தொழிலில் இதை 'வோல்' என்போம், சுவர். நூறு அடிக்குக் கீழே யாரும் போவதில்லை என்பது திட்டம். மெல்வின் மற்றவர்களோடு முன்னால் போனான். நானும் யசிந்தாவும் கடைசி.

சுவரின் கீழே ஒரு புள்ளித் திருக்கை சிறகடித்துப் போனது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான்: யசிந்தா சிரித்துக்கொண்டு அதன் பின்னால் ஆழத்துக்கு இறங்குகிறார். நான் துரத்துகிறேன். அவர் வாயிலிருந்த ரெகுலேட்டரைக் கழற்றித் திருக்கைப் பக்கம் நீட்டுகிறார். நான் அதைத் திரும்ப அவர் வாய்க்குள் வைத்து, ஆளை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே வருகிறேன்.

அந்த ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மூளையை மயக்கும். குடித்தவன் நிலைமைதான். பயம் வராது, சந்தோஷம்தான் வரும். கொஞ்சம் மேலே வந்தால் தெளிந்துவிடும். யசிந்தாவுக்கு அதுதான் வந்தது என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

கரையில் கதையைக் கேட்ட அன்ரன், "நான் அப்பவே சொன்னனான், உமக்கு உது சரிவராதெண்டு" என்றார்.

இந்தப் பயணத்தில் யசிந்தா இனிக் கடலில் இறங்கக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். வரும் வருடம் அவரை என் உதவியாளராகச் சேர்க்கும் எண்ணம் இருந்தது. அதையும் மனதுக்குள் கைவிட்டேன்.

பறவைத் தட்டில்

பின்னேரம் எல்லோரும் பறவை பார்க்கப் போனோம். மர உச்சிகளின் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டு கட்டியிருந்தார்கள். சுற்றிவரக் கூடுகள். சிவந்த கால்களும் நீலச் சொண்டுமாகப் பூபி என்ற கடற்பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பக்கத்து மரத்தில் கறுப்பு நிற ஆண் பறவைகள் கழுத்துப் பையைச் சிவப்புப் பலூன் போல ஊதிவைத்திருந்தன. அங்கே சத்தம் போடக்கூடாது. யசிந்தா என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"ஓம்."

"நான் சிரிச்சுக்கொண்டு போனனான் எண்டு எல்லாருக்கும் சொல்லுறியள். ரெகுலேட்டரைக் கடிச்சுக்கொண்டு போறவள் சிரிக்கிறது எப்பிடித் தெரிஞ்சது?"

"கண்ணில தெரிஞ்சது."

"உங்கட கதைப்படி நீங்கள் எனக்குப் பின்னாலயெல்லோ வந்தனீங்கள்?"

நடந்ததை இன்னொருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். என் ஞாபகத்தில் நான் அவருக்குப் பின்னால்தான் போகிறேன். காலில் போட்ட துடுப்புகள்தான் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. ஆனால் சிரிப்பு இருந்தது. அது நிச்சயம். அப்படியென்றால் யாருடைய சிரிப்பு?

"திருக்கைக்குப் பின்னால போனது நீங்கள், அண்ணை. ரெகுலேட்டரைக் கழட்டினதும் நீங்கள்தான். நான்தான் திரும்ப வைச்சனான். என்ர கையைத் தட்டித் தட்டி விட்டனீங்கள்."

மணிக்கட்டைக் காட்டினார். நகக்கீறல்கள். பவளம் கிழித்திருக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. பழக்கினவன் நான், இவர் என்ன கதைக்கிறார்? ஆனால் தலைக்குள் எல்லாம் குழம்பிப்போயிற்று. எதிரே பறவைகள் இருந்தன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

தட்டிலிருந்து இறங்கி, படகடியில் நின்ற மெல்வினிடம் நேரே போனேன். சுழியோடும் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். கேட்டதும் சாதாரணமாகச் சொன்னான். நான் கீழே இறங்குவதைக் கண்டு அவன் டாங்கியில் தட்டிச் சத்தம் எழுப்பினானாம். நான் திரும்பவில்லையாம். அவன் புறப்படுவதற்குள் யசிந்தா என்னைப் பிடித்து மேலே கொண்டுவரத் தொடங்கிவிட்டாராம்.

"அதை ஏன் படகிலேயே சொல்லவில்லை?" என்றேன்.

அவனுக்கு ஆச்சரியம். எனக்கு அது தெரியும் என்றே நினைத்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. படகில் நான் போட்ட சத்தமெல்லாம், உயிரைக் காப்பாற்றியவருக்கு நான் உணர்ச்சிவசப்பட்டு நன்றி சொல்வதாக அவனுக்குப் பட்டிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில்

அன்று இரவுச் சாப்பாட்டில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். "மயக்கம் வந்தது எனக்கு. யசிந்தாதான் என்னைக் கொண்டுவந்தவ." சொல்லும்போதே பொய் சொல்வது போல இருந்தது. என் கண்ணுக்குள் வேறு படம் அல்லவா ஓடிக்கொண்டிருந்தது?

அன்ரன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னனான்," என்றார் யசிந்தா. "அறைக்கு வந்த உடனயே சொன்னனான். நீங்கள் அண்ணை சொன்னதைத்தான் நம்பினியள்."

அன்ரன் பிறகு சாப்பிடவில்லை. மறுநாள் காலை பைனாகுலரை அறையில் விட்டுவிட்டு, யசிந்தாவின் டாங்கியைத் தூக்கிக்கொண்டு படகடிக்கு வந்தார். யசிந்தா மெல்வினோடு சுவருக்குப் போனார். நான் ஆழமில்லாத இடத்தில் புதியவர்களோடு நின்றேன்.

இப்போது பாடம் எடுப்பது யசிந்தா. நான் நீச்சல் குளத்தங்கரையில் கதிரை போட்டு இருக்கிறேன். அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் திருக்கையின் பின்னால் அவர்தான் போகிறார், நான்தான் துரத்துகிறேன். அது நடக்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் படம் மாறவில்லை. நான் அதை மாற்ற முயல்வதை விட்டுவிட்டேன்.

போன கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்: "அங்கிள், எனக்கு மயக்கம் வந்தா, ஹவ் வில் ஐ நோ?"

"உமக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன். "பக்கத்தில வாற ஆளுக்குத்தான் தெரியும். அவர் கட்டைவிரலை மேல காட்டினா, மேல போ எண்டு அர்த்தம்; நீர் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் போம். சண்டையை மேல வந்து பிடிக்கலாம்."