அத்தானுக்கு அழ மூன்று பேர்

எங்கள் வீட்டில் ஒரு மாவட்டத் தினசரி வருகிறது. படிக்க அல்ல... வத்தல் காயப்போட. போன செவ்வாய்க்கிழமை காலையில் மொட்டை மாடியில் அதை விரித்த மனைவி போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்புக்குக் கீழே என் அத்தான்!

பூதப்பாண்டியில் இருக்கிற அக்காவின் வீட்டுக்காரர். வடசேரியில் ஒரு மாலையை வாங்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? செத்த வீட்டுக்குப் போன் போட்டு, செத்துவிட்டாரா என்று எப்படிக் கேட்பது?

போய்ப் பார்த்தால், முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தானே உட்கார்ந்திருக்கிறார். கையில் அதே பேப்பர். என்னையும் மாலையையும் பார்த்தார்.

“வந்தியா மாப்ள... நீ மூணாவது ஆளு.”

நடந்தது இதுதான். அத்தானுக்கு அறுபது நிறைந்ததற்கு, துபாயில் இருக்கும் மகன் வாழ்த்து விளம்பரம் கொடுத்திருக்கிறான். அந்தப் பேப்பருக்குப் பல வருஷமாக மரண விளம்பரம் தவிர வேறெதுவும் வருவதில்லை. பக்கம் போடுகிறவரின் கம்ப்யூட்டரில் இருந்ததே ஒரே ஒரு கட்டம்... கண்ணீர் அஞ்சலிக் கட்டம். போட்டோவை அதில் ஒட்டிவிட்டார். ‘என்றும் எங்கள் நெஞ்சில் நிறைந்தவர்’ என்று மகன் எழுதியிருந்த வாசகம் இரண்டுக்குமே பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு காலத்தில் அந்தப் பேப்பர் இருந்த இருப்பு என்ன! இந்த ஜில்லாவில் மூச்சு நின்றால் மட்டும் போதாது. அதில் வந்தால்தான் சாவு. டீக்கடையில் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக்குத்தான் அடிபிடி. அத்தானின் அப்பா இறந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ஜில்லாவின் அந்தக் கோடியில் இருக்கிற கருங்கல் ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தெருவில் சைக்கிள் போக வழியில்லை. அந்தக் கூட்டத்தை அத்தான் இன்னும் மறக்கவில்லை. அதுதான் சிக்கலே.

உயிரோடு இருப்பவனைக் கொன்றுவிட்டார்களே என்று அவருக்குத் துளிகூடக் கோபமில்லை. இவ்வளவு நேரமாகியும் மூன்று பேர்தானா என்பதுதான் வருத்தம். எல்லாருக்கும் போனில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். தடுத்துவிட்டார். கருங்கல் ஆட்கள் வந்துசேர நேரமாகும், பொறு என்றார். அக்கா பாவம்... சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறங்கியவர், அந்தப் பேப்பரின் ஆசிரியர். இப்போது நிருபரும் அவரே, விளம்பரம் பிடிப்பவரும் அவரே. நாளைக்கே திருத்தம் போட்டுவிடுகிறேன் என்று கைகூப்பினார். அத்தான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“உள்ளதச் சொல்லும் வேய். உம்ம பேப்பரப் படிக்க ஆளில்லியா, இல்ல எனக்கு அழ ஆளில்லியா?”

எந்தப் பத்திரிகைக்காரர்தான் அதைத் தன் வாயால் சொல்வார்? ஆனால், சொல்லாவிட்டால் அத்தானின் அறுபது வருஷமும் வீண். அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு ஆசிரியரையே பார்த்தாள். தரையைப் பார்த்தபடி நின்றவர், மெல்லச் சொன்னார்.

“படிக்க ஆளில்ல அண்ணாச்சி. வத்தல் போடத்தான் வாங்குதாவ.”

எனக்குச் சுருக்கென்றது. அத்தானின் முகமோ தெளிந்துவிட்டது. எழுந்துபோய் ஆசிரியரைத் தோளில் அணைத்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். துக்கத்துக்கு வருபவர்களுக்கென்று அக்கா போட்டுவைத்திருந்த கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்தார். எப்போதிருந்து இப்படி, யாரும் வந்து பார்க்கவில்லையா, கடைசியில் ரொம்ப இழுத்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்.

நான் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன்... யாருக்குப் போடுவது என்று தெரியாமல்.