முத்துத்தாயைப் புதைத்த இடம்

அந்த வருசம் ஆவணி பிறந்து இருபது நாளாகியும் மதுரைக்கு மேற்கே வானத்தில் பொட்டு மேகம் இல்லை. 2003-ஆம் வருசம். தொடர்ந்து மூன்றாவது வருசமாக மழை ஏமாற்றியிருந்தது. வழக்கமாக ஆவணியில் பகலெல்லாம் வெயில் காய்ந்தாலும் சாயங்காலம் ரெண்டு இடி இடித்து நாலு தூறலாவது போடும். அந்த வருசம் இடிகூட இல்லை. ஆடியோடு போக வேண்டிய மேல்காற்று போகாமல் நின்று, கண்மாய்ப் புழுதியை அள்ளி அள்ளிச் சோற்றுப் பானையில் போட்டது. போர் போட்டவன் நானூறு அடிக்குக் கீழே இருந்தும் புழுதியைத்தான் எடுத்தான்.

வெயில் இப்படி விடாமல் அடித்தால் ஊருக்கு யார் மேலாவது கோபம் வர வேண்டும். சூரியன் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. பரவைக்கு மேற்கே நாலு மைலில் இருந்த அந்த ஊர், செத்துப்போன ஒருத்தி மேல் கோபப்பட்டது. அவள் பெயர் முத்துத்தாய். உயிரோடு இருந்து அதற்குப் பதில் சொன்னவள் அவளுடைய மகள் செல்லக்கிளி.

செல்லக்கிளிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பரவை மார்க்கெட்டில் வாசலை ஒட்டிச் சாக்கு விரித்துக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விற்றுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையும் வெள்ளை. உதட்டோரத்திலும் இடது கண்ணைச் சுற்றியும் வெள்ளை. தாய்க்கு இருந்தது மகளுக்கும் வந்தது, அவ்வளவுதான். அது வெண்புள்ளி, ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர்கள் எழுதிக்கூடக் கொடுத்தார்கள். ஊர் மட்டும் அதை வெண்குஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பெண் பார்க்க மூன்று தடவை ஆள் வந்தது. மூன்று தடவையும் காராபூந்தியைத் தின்று, காபியைக் குடித்து, "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுகிறோம்" என்று போனார்கள். நாலாவதாக ஒரு தரகர் வந்தபோது, "மொதல்ல என் கையப் பாத்துட்டு வரச் சொல்லுங்க. அதுக்கப்புறம் காப்பி போடுவோம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தத்தை ஊருக்குக் காட்ட அவள் தயாராக இல்லை.

மார்க்கெட்டில் புதிதாக வருகிற பெண்கள் அவள் கையைப் பார்த்துத் தயங்குவார்கள். "ஒட்டுமா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"ஒட்டாதுத்தா. அப்படி ஒட்டிருச்சுன்னா கையத் தூக்கிட்டு வா, ஒரு கிலோ கத்தரிக்கா சும்மாத் தாரேன்" என்றாள் செல்லக்கிளி. அந்தப் பெண் அசடு வழிய அரைக் கிலோ வாங்கினாள். அடுத்த வாரமும் அவளிடம்தான் வந்தாள்.

முத்துத்தாய் செத்தது 1999 தை மாதத்தில். அந்த வருசம் கண்மாய் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது. முத்துத்தாய் சின்ன வயதில் குடிசை பற்றி எரிந்ததில் இடுப்புக்குக் கீழே வெந்து, ஆறு மாசம் வாழையிலையில் கிடந்து பிழைத்தவள். அடுப்பில் கங்கு தெறித்தால்கூட நடுங்குவாள். "என்னயத் தீயில மட்டும் போட்டுறாதடி. மண்ணுல போடு" என்பது மகளிடம் அவள் கடைசியாகக் கேட்டது. கூடப்பிறந்த ஆண்பிள்ளை யாரும் இல்லாததால், பெண் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்கிற பேச்சைத் தள்ளிவிட்டுச் செல்லக்கிளியே போனாள். முதல் கைப்பிடி மண்ணை அவள்தான் போட்டாள். வெண்குஷ்டக்காரியைப் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது யாருக்குச் சாஸ்திரம் ஞாபகம் வரும்?

மூன்று வருசம் காய்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. முதலில் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத் தெருவாக இழுத்தார்கள். பெண்கள் மாரில் அடித்து ஒப்பாரி வைத்தார்கள். செல்லக்கிளியும் போய்த் தொண்டை கட்டும்வரை பாடினாள், அவளுக்கும் மழை வேண்டும். வானம் அசையவில்லை. பிறகு ஒருநாள் ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. வெண்குஷ்டம் உள்ள உடம்பு மண்ணுக்குள் கிடந்தால் மேகம் அண்டாது, அதைத் தோண்டி எடுத்து எரித்தால் மழை இறங்கும் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பக்கத்தில் பழைய நம்பிக்கை அது. அதை எடுத்துவிட்டவன் வெள்ளைத்துரை.

வெள்ளைத்துரையைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. மூன்று ஏக்கர் கரும்பு கண்ணெதிரே விறகாகக் காய்ந்து நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன். செல்லக்கிளிக்கு அண்ணன் முறை. ஆனால் அவனுடைய கஷ்டத்துக்கு அவளுடைய தாய் பொறுப்பா?

"செல்லக்கிளி, ஒங்காத்தாவ எங்கிட்டுப் புதைச்ச? எடத்தக் காட்டு. எடுத்து எரிச்சுச் சாம்பலக் கரைச்சுப்புடுவோம்" என்றான்.

ஊரே அவளைக் கேட்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இருந்தது. ரெண்டு வருசத்துக்கு முன்னால் சுடுகாட்டில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கினார்கள். முள்ளோடு சேர்ந்து மேடுகளும் தட்டையாகிவிட்டன. எந்தக் குழி யாருடையது என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. செல்லக்கிளி மட்டும் இடிந்த கொட்டகைச் சுவரிலிருந்து காலடி வைத்து எண்ணி வைத்திருந்தாள்.

"காட்ட மாட்டேன்" என்றாள்.

"மூணு வருசமா மழ இல்லத்தா."

"எங்காத்தா செத்து நாலரை வருசம் ஆச்சுண்ணே. அவளப் பொதைக்கையில கம்மா மறுகா போயிக்கிட்டிருந்துச்சே. அப்ப மழைக்கு அவ உள்ள கெடக்குறது தெரியலையாக்கும்?"

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பைக் கேட்டதும் வெள்ளைத்துரைக்கு முகம் கறுத்தது. "பெரியவங்க சொன்னது பொய்யா? வெண்குட்டம் மண்ணுக்கு ஆகாது" என்று கத்தினான்.

செல்லக்கிளி இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள். "எனக்கும்தான் இருக்கு. தெனம் இந்த மண்ணுலதான நடக்கேன்? செத்தவளத் தோண்டுறதுக்கு உசுரோட இருக்குறவள எரிச்சா இன்னும் வெரசாப் பெய்யும். யாரு தீ வைக்கிறது? வாங்க முன்னால."

யாரும் முன்னால் வரவில்லை. அன்றைக்குக் கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒருபாடு அழுது தீர்த்தாள். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "நாங்களும் மழைக்குத்தாம்மா காத்துக்கிட்டிருக்கோம். நடந்தா வந்து சொல்லு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு மலையம்மாள் மூச்சு வாங்க மார்க்கெட்டுக்குள் ஓடிவந்தாள். "ஏத்தா, கடப்பாரை மம்பட்டியெல்லாம் எடுத்துக்கிட்டுச் சுடுகாட்டுக்குப் போறாக. குத்துமதிப்பாத் தோண்டப் போறாகளாம்!"

செல்லக்கிளி தராசை அப்படியே போட்டாள். காய் ஏற்றி வந்த ஒரு லோடு ஆட்டோவை மறித்து ஏறி, கண்மாய்க் கரையில் இறங்கி, வெறுங்காலோடு வெடித்த மண்ணில் ஓடினாள். அந்த வெயிலில் மண் கொதித்தது. சுடுகாட்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கருப்பு என்பவன் குழிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தான்.

"பொம்பள இங்க வரக் கூடாதுன்னு தெரியாது?" என்றார் ஒருவர்.

"பொம்பளயத் தோண்ட நீங்க வரலாம், நான் வரக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே போனாள். போனவள் இடத்தைப் பார்த்தாள். கொட்டகைச் சுவரைப் பார்த்தாள். மனசுக்குள் காலடி எண்ணினாள். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு ஆசுவாசம் பரவியது. அவர்கள் தோண்டியது முத்துத்தாயை இல்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அவர்கள் கிடைத்த எலும்பை எரித்துவிட்டுப் போவார்கள், அதற்குப் பிறகு முத்துத்தாயை யாரும் தேட மாட்டார்கள். செல்லக்கிளிக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் வேறொருத்தரை நெருப்பில் போட்டுத் தன் தாயைக் காப்பாற்ற அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"நிறுத்துங்கண்ணே. அது எங்காத்தா இல்ல."

"நீ அப்படித்தான் சொல்லுவ" என்றான் வெள்ளைத்துரை.

"சத்தியமாச் சொல்றேன். அது ஒங்கப்பா. பேயாண்டிப் பெரியப்பா."

வெள்ளைத்துரை கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பேயாண்டி அவனுடைய தகப்பன், முத்துத்தாய்க்கு ஒரு மாசம் முன்னால் மார்கழியில் செத்தவர். செல்லக்கிளி தன் தாயைப் புதைத்த அன்று அவருடைய மேடு பக்கத்தில் ஈரம் காயாமல் இருந்தது. "எங்கப்பன் எங்க கெடக்காருன்னு எனக்குத் தெரியாதா? அந்தா, முள்ளப் புடுங்குன பொறகு மூணு செங்கல் வச்சிருக்கேன்ல, அங்கிட்டுக் கெடக்காரு. மார்கழி தவறாம எல போட்டுக் கும்புடுறவன்டி நான்!"

பத்தடி தள்ளி மூன்று செங்கல் விளக்குமாடம் மாதிரி நின்றது. உள்பக்கம் புகை படிந்து கறுத்திருந்தது. செல்லக்கிளி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியா, பேச்சு வரல. வெட்டுறா" என்றான் வெள்ளைத்துரை.

கருப்பு வெட்டினான். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி எதிலோ பட்டு 'டங்' என்றது. குனிந்து கையால் மண்ணைத் தள்ளியவன் அலறிக்கொண்டு வெளியே தாவினான். குழிக்குள் ஒரு தொடை எலும்பு தெரிந்தது. எலும்போடு சேர்ந்து ஒரு முழத்துக்கு எவர்சில்வர் கம்பி மினுங்கியது.

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரியும். 96-இல் பேயாண்டியை லாரி இடித்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைத்துத்தான் அவரை நடக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை ஊர் அவரைக் கம்பிக்கால் பேயாண்டி என்றுதான் கூப்பிட்டது. அந்த ஊரில் வேறு யார் தொடையிலும் கம்பி கிடையாது.

வெள்ளைத்துரை குழிக்குள் இறங்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த எலும்பின் மேல் போர்த்தினான். "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பிறகு ரெண்டு கையாலும் மண்ணை வாரி வாரி மூடத் தொடங்கினான். இந்தக் குழியை எரித்தால் மழை வருமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒருவர் வேறொன்று கேட்டார். "அப்ப அந்த மூணு செங்கல்லுக்குக் கீழ கெடக்குறது யாரு?"

எல்லோரும் செல்லக்கிளியைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் காட்ட மாட்டேன் என்று நின்றவள் நேராக நடந்துபோய் அந்தச் செங்கல் பக்கத்தில் நின்றாள்.

"இதுதான் எங்காத்தா."

வெள்ளைத்துரை குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தான். முகமெல்லாம் புழுதியும் கண்ணீரும். "ரெண்டு வருசமா நான் இவளுக்கா கும்புட்டேன்? தெரிஞ்சும் ஏன் சொல்லல நீ?"

"சொல்லணும்னுதான் மொத வருசம் கரையில வந்து நின்னேன். நீ எல போட்ட. சோறு வச்சுக் கோழிக் கொழம்ப ஊத்தி, 'சாப்புடுங்க, நல்லாச் சாப்புடுங்க'ன்னு அழுதுக்கிட்டு நின்ன." என்றாள் செல்லக்கிளி. "எங்காத்தா உசுரோட இருந்தப்ப இந்த ஊருல ஒரு பந்தியில அவள உக்கார விடல. ஒங் கல்யாணத்துல மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால நின்னு, கைய நீட்டி வாங்கித் தின்னா. நான் பாத்தேன். செத்த பொறகு ஒருத்தன் அவளுக்கு எல போட்டுச் சாப்புடு சாப்புடுங்கிறான். வேணாம்னு நான் சொல்லுவனாண்ணே?"

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கருப்பு போட்டுவிட்டு ஓடிய மண்வெட்டியை எடுத்து வெள்ளைத்துரையின் முன்னால் நீட்டினாள்.

"இப்ப எடம் தெரிஞ்சிருச்சு. மழ வேணும்ல? மொத வெட்டு நீ வெட்டு. நீ சோறு வச்ச எடத்துல நீயே வெட்டு."

வெள்ளைத்துரை மண்வெட்டியை வாங்கினான். செங்கல்லைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். பிறகு திரும்பித் தன் தகப்பன் குழியில் மீதி மண்ணைத் தள்ளி மூடினான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிப் போனார்கள். கடைசி ஆள் போகும்வரை செல்லக்கிளி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அன்றைக்கும் மழை இல்லை, அதற்கடுத்த நாற்பது நாளும் இல்லை. ஐப்பசியில் பருவமழை கொஞ்சம் பெய்தது. மார்கழியில் தகப்பன் செத்த நாளில் வெள்ளைத்துரை சுடுகாட்டுக்கு வந்தபோது, அவன் கையில் இரண்டு இலை இருந்தன.