நசாரின் படகில் ஏறியவர்

ஜின்கள் உண்டு என்பது எங்கள் மார்க்கம் சொல்வது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைக் கண்டேன், இதைக் கண்டேன் என்று ஊரில் உலவும் கதைகளில் ஒன்றையேனும் நான் நம்பியவன் அல்லன். கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்பவன் நான். கத்தாரிலிருந்து மகன் கொண்டுவந்து தந்த கமராவால் பறவைகளைப் படம்பிடிப்பது என் பொழுதுபோக்கு. இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

கடலோடு கலக்கும் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பான எங்கள் களப்பின் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. ஆலா எனும் மெலிந்த வெண்ணிறக் கடற்பறவைகள் அங்கே வெறும் மணலில் முட்டையிடும். ஆளைக் கண்டால் எழுந்து தலைக்கு மேல் கத்திச் சுழலும். அதற்கு நாங்கள் ஒரு தந்திரம் செய்வோம். நானும் என் மனைவியின் தம்பி நசாரும் சேர்ந்து துணிக்கூடாரத்துக்குள் நுழைவோம். சற்றுப் பொறுத்து நசார் மட்டும் வெளியேறித் தன் படகில் வலை பார்க்கப் போய்விடுவான். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டதென்று இறங்கிவிடும். அது ஒருபோதும் பிசகியதில்லை.

அன்று பிசகியது. நசார் வெளியேறிய பின்பும் ஆலாக்கள் இறங்கவில்லை. காலை வெயிலே நெருப்பாக இருந்தது. நிழலின்றிக் கிடக்கும் முட்டைகள் வெந்துபோகுமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடாரத்தைக் கழற்றிவிடலாமா என்று எண்ணிய கணத்தில், உள்ளிருந்து யாரோ எழுந்து போனதைப் போல, அத்தனை பறவைகளும் கத்தலை நிறுத்தி முட்டைகளின் மேல் வந்து அமர்ந்தன. நான் மகிழ்ந்து படமெடுக்கத் தொடங்கினேன். பறவைகளுக்குப் பின்னே, தூரத்தில், நசாரின் படகு கரைப்பக்கமாகப் போவதும் கமராவில் விழுந்தது. வலை பார்க்காமல் ஏன் திரும்புகிறான் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

நெடுநேரம் கழித்து ஆலாக்கள் மீண்டும் சிதறின. கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு நசார் நின்றான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். என் இரு தோள்களையும் பிடித்து அழுத்திப் பார்த்தான்.

“எப்பிடி மச்சான் இங்க வந்தீங்க?”

“நான் எங்க போறது? இங்கதானே இருக்கன்.”

“நான் படக அவிழ்க்கிற நேரம் நீங்கதானே கூடாரத்தால வந்து ஏறினீங்க. தலையில துவாயப் போட்டுக்கிட்டு, முன்னுக்கு, அங்கால பாத்து உக்காந்தீங்க. பறவ இறங்கல்ல, கோவத்துல இருக்கீங்கன்னு நினைச்சன். வழியெல்லாம் கூரத் தகடு வாங்குற கதைய சொல்லிட்டு வந்தன். நீங்க குறுக்க ஒரு வார்த்த பேசாம கேட்டப்பவே எனக்கு விளங்கியிருக்கணும்.”

பாதி வழியில் பாசி சிக்கி எஞ்சின் நின்றிருக்கிறது. குனிந்து அதை அகற்றி நிமிர்ந்தபோது முன்னால் ஆள் இல்லை. நான் விழுந்துவிட்டேன் என்று குதித்து, மூச்சு முட்டும்வரை மீண்டும் மீண்டும் மூழ்கித் தேடியிருக்கிறான்.

“லாத்தாட மொகத்துல எப்பிடி முழிக்கிற? மையத்தாவது திட்டுல ஒதுங்கியிருக்குமான்னு பாக்கத்தான் வந்தன்” என்றான். லாத்தா என்று அவன் சொன்னது தன் அக்காவை, என் மனைவியை.

வெயில் தலைக்கேறியிருக்கும் என்றேன் நான். அவனும் அப்படியே நம்பிக்கொண்டான். நம்பாவிட்டால் மறுநாள் அந்தப் படகில் ஏறியிருக்க மாட்டான். அதுவன்றி அவனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

அன்று பின்னேரம் வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகில் நசார் மட்டுமே இருந்தான். வாயைத் திறந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதில் எனக்கு ஆறுதல்தான். ஆனால் ஒருவன் மட்டும் பின்னால் இருந்து ஓட்டும்போது அந்தச் சிறிய படகின் முன்பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் ஓர் ஆள் இருந்தால்தான் நீரோடு படியும். படத்தில் அது படிந்திருக்கிறது.

நசாருக்கு அந்தப் படத்தை நான் காட்டவில்லை. இன்றும் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுக் களப்புக் கரைக்குப் போகிறேன். தனியே புறப்படும் அவன் படகின் முன்பக்கம் மேலெழும்வரை அங்கேயே நின்று பார்க்கிறேன். சில நாட்களில் அதற்குச் சற்று நேரமாகிறது.